ஒயின் பாட்டிலுக்குள் ஈரச் சாக்கு வாடை எப்படி வந்தது?

இன்றைய இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

விஷயம் ஒயின். "டாக்டரே இப்படி ஆரம்பிச்சுட்டாரா"னு கேட்காதீங்க. கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து வார்டில் படுத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிற அரசு மருத்துவமனை டாக்டர் நான். "அளவா குடிச்சா இதயத்துக்கு நல்லது" கதையெல்லாம் என்கிட்ட எடுபடாது. ஆனா இந்த வரலாறு குடிக்காதவங்களுக்கும் வேணும். ஒயின் பாட்டிலில் தொடங்கி கோழி முட்டை, பிரேசில் காபி, அமெரிக்கப் பாராசிட்டமால், நம்ம ஆம்பூர் தோல் வரைக்கும் ஒரே கெமிஸ்ட்ரி ஓடுது. நடுவில் இரண்டு பச்சிளம் குழந்தைகளின் உயிரும் இருக்கு.

ஐரோப்பாவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினைப் பெட்டியாக வாங்கி நிலவறையில் படுக்க வைத்துவிடுவார்கள். படுக்க வைப்பது எதுக்குன்னா, ஒயின் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் தக்கை காயாது. காய்ந்தால் சுருங்கும், காற்று உள்ளே போகும். இருபது வருஷம் கழித்துத் திறக்கிறார்கள். பன்னிரண்டு பாட்டிலில் பதினொன்று அருமையாக இருக்கும். ஒன்றில் மட்டும் மழையில் நனைந்த கோணிச் சாக்கு வாடை. இல்லைன்னா ஈரத்தில் ஊறிய அட்டைப்பெட்டி வாடை. அதே தோட்டம், அதே வருஷம், அதே பீப்பாய், அதே அலமாரி.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'பூஷோனே'. அவர்கள் மொழியில் தக்கைக்கு 'பூஷோன்'. ஆங்கிலத்தில் 'கார்க்டு'. பேர்லயே குற்றவாளி யாருன்னு தீர்ப்பு எழுதியாச்சு. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரின்னு தெரிய ரொம்ப காலம் ஆச்சு.

அப்படிக் கெட்ட பாட்டிலை என்ன செய்தார்கள்? பெரிய ஹோட்டலில் பாட்டிலைத் திறந்ததும் கொஞ்சம் ஊற்றி ருசி பார்க்கச் சொல்வார்களே, சினிமாவில் பார்த்திருப்பீங்க. "பிடிச்சிருக்கா"ன்னு கேட்கிற சடங்குன்னு நாம நினைக்கிறோம். உண்மையில் அது கெட்டுப்போயிருக்கான்னு பார்க்கிற சோதனை. கெட்டிருந்தால் திருப்பி அனுப்பலாம். கடையில் புதிதாக வாங்கியதுன்னா மாற்றியும் தருவாங்க. ஆனா இருபது வருஷம் நிலவறையில் கிடந்த பாட்டிலை யார்கிட்ட கொண்டு போய்க் கேட்கிறது? வித்த கடையே இருக்குமான்னு தெரியாது. சிலர் வேறு ஜாடிக்கு மாற்றிக் காற்றாட வைத்துப் பார்த்தார்கள். இந்த வாடை அப்படியெல்லாம் போகாது, சில நேரம் இன்னும் தூக்கலாகவே தெரியும். கடைசியில் சிங்க்கில் கொட்டுவதுதான்.

ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனம் 1991 முதல் பழைய பாட்டில்களுக்காக ஒரு 'கிளினிக்' நடத்துகிறது. பேரே அதுதான், நான் வைக்கல. அவர்களுடைய 15 வருஷத்துக்கு மேற்பட்ட பாட்டிலைக் கொண்டு போனால், தேவைப்பட்டால் திறந்து, ருசி பார்த்து, குறைந்த அளவை நிரப்பி, புதுத் தக்கை அடித்துத் தருவார்கள். நல்ல நிலையில் இருந்தால் சான்றிதழும் உண்டு. தக்கை வாடை ஏறிய பாட்டிலுக்கு அந்த கிளினிக்கிலும் வைத்தியம் கிடையாது.

தக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை. அது கார்க் ஓக் என்ற மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் பாதி அளவு போர்ச்சுகலில் இருந்து வருகிறது. மரத்துக்கு சுமார் 25 வயது ஆனபிறகுதான் முதல் உரிப்பு. அதன்பின் 9 வருஷத்துக்கு ஒருமுறை. முதல் இரண்டு உரிப்பில் வரும் பட்டை முரடாக இருக்கும், பாட்டில் மூடிக்கு ஆகாது. மூன்றாவதில்தான் தேறும். அதாவது நட்டு நாற்பது வருஷத்துக்கு மேல். உரித்த மரத்தில் அந்த வருஷத்தின் கடைசி இலக்கத்தைப் பெயின்ட்டால் எழுதி வைப்பார்கள், அடுத்து எப்போது உரிக்கலாம்னு தெரிய.

1665ல் ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தது இதே தக்கைச் சீவலைத்தான். பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. காற்றடைத்த லட்சக்கணக்கான குட்டி அறைகள். அதனால்தான் அமுக்கினால் அமுங்கும், விட்டால் விரிந்து பாட்டில் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். கூடவே, மரப்பட்டை என்பதால் பூஞ்சையும் அதில் சகஜமாகக் குடியிருக்கும்.

"பூஞ்சைதானே காரணம், அப்புறம் என்ன?"ன்னு தோணும். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள்.

1981ல் சுவிட்சர்லாந்தின் வேடன்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் ஹான்ஸ் டானரும் அவரது சகாக்களும் கெட்ட ஒயினைப் பிரித்து ஆராய்ந்து அந்த வாடைக்கு முக்கியக் காரணமான மூலக்கூறைப் பிடித்தார்கள். பெயர் 2,4,6-டிரைகுளோரோஅனிசோல். சுருக்கமாக டி.சி.ஏ.

எவ்வளவு இருந்தால் மூக்குக்குத் தெரியும்? ஒரு லிட்டரில் சில நானோகிராம். நம்ம கணக்கில் சொல்றேன். காவிரித் தண்ணீர் செய்தியில் டி.எம்.சி. என்று கேட்கிறோமே, ஒரு டி.எம்.சி. என்பது 2,831 கோடி லிட்டர். அவ்வளவு தண்ணீரில் 100 கிராம் சொச்சம் டி.சி.ஏ.வைக் கரைத்தால் லிட்டருக்கு 4 நானோகிராம் ஆகும். கூர்மையான மூக்கு உள்ளவர் கண்டுபிடித்துவிடுவார். இந்த அளவில் உடம்புக்குக் கெடுதல் என்று எதுவும் தெரியவில்லை. குடித்தவருக்கு வாந்தி பேதி வராது. ஒயின் பாழ், அவ்வளவுதான்.

ஆனா டாக்டரா எனக்கு உறுத்துறது அந்தப் பேர்ல நடுவுல இருக்கிற 'குளோரோ'. மரப்பட்டைக்குள்ள இவ்வளவு குளோரின் எங்கேர்ந்து வந்தது?

பூஞ்சை சும்மா இருக்கும்போது இந்த வாடையைத் தயாரிப்பதில்லை. அதற்குக் குளோரோஃபீனால் என்ற விஷத்தைக் கொடுத்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த விஷத்தோடு ஒரு மீதைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது. விஷத்தின் பல் பிடுங்கப்படுகிறது. பிடுங்கியதும் கிடைப்பதுதான் குளோரோஅனிசோல். நம்ம கல்லீரலும் மருந்துகளோடு இதையும் அதையும் ஒட்டித்தான் செயலிழக்க வைக்கிறது. அதே தந்திரம். ஆக, அந்த ஈரச் சாக்கு வாடையைப் பெரும்பாலும் இப்படிப் படிக்கலாம்: இந்த இடத்துக்கு யாரோ குளோரின் கொண்டு வந்தார்கள், ஒரு பூஞ்சை அதைத் தின்று பிழைத்துக்கொண்டது.

கொண்டு வந்தவர்கள் இரண்டு வழியில் வந்தார்கள். ஒன்று, தக்கை பளிச்சென்று தெரிய பிளீச்சிங் கரைசலில் கழுவும் பழக்கம். சுத்தமாக்கப் போட்ட குளோரினே வாடைக்கு மூலப்பொருள் ஆனது. பின்னாளில் அதை விட்டுவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறினார்கள்.

இன்னொன்று பெரிய கதை. பென்டாகுளோரோஃபீனால், சுருக்கமா பி.சி.பி.

1930களில் மரத்தைக் கரையானிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காப்பாற்ற வந்த ரசாயனம் இது. மலிவு, பலமானது. மின்கம்பம், வீட்டு உத்தரம், கப்பலில் போகும் மரப்பெட்டி, தோல், துணி என்று எதிலும் அடித்தார்கள். சலவைக்கும் வந்தது. அங்கேதான் விபரீதம்.

1967. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு சிறிய மகப்பேறு மருத்துவமனை. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கு திடீரென்று உடம்பெல்லாம் வியர்வை கொட்டுகிறது. பச்சிளம் குழந்தைக்கு அப்படி வியர்ப்பது வழக்கமே இல்லை. இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கல்லீரல் வீங்குகிறது, இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. இப்படி ஒரு குழந்தை என் முன்னாடி வந்தா நானும் முதலில் கிருமித் தொற்றுன்னுதான் தேடுவேன். 9 குழந்தைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, 2 பேர் இறந்தார்கள். தேடிப் போனால், சலவையின் கடைசி அலசலில் துணி பூசணம் பிடிக்காமல் இருக்கப் போட்ட பொருளில் பி.சி.பி.யின் சோடியம் உப்பு. நாப்கின், படுக்கைவிரிப்பு வழியாகத் தோலுக்குள் இறங்கியிருக்கிறது. உடம்பு எரிபொருளை எரித்து சக்தியாகச் சேமிக்கும் இடத்தில் இந்த விஷம் இணைப்பைத் துண்டித்துவிடும். எரிவது நிற்காது, சக்தி சேராது, எல்லாம் சூடாகவே வெளியேறும். அந்த வியர்வைக்குக் காரணம் அதுதான். இரத்தத்தை மாற்றிச் செலுத்தும் சிகிச்சை சில குழந்தைகளைக் காப்பாற்றியது.

சலவையில் போட்டதை நிறுத்தினார்கள். மரத்தில் அடித்ததை நிறுத்தவில்லை.

அந்த மரங்களில் சில, பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின் நிலவறைகளுக்கு உத்தரமாகவும் கூரையாகவும் போயிருந்தன. நிலவறை எப்போதும் ஈரம், குளிர், இருட்டு. பூஞ்சைக்கு மாமியார் வீடு. அங்கே உருவான அனிசோல் காற்றில் கலந்து பீப்பாயில் ஏறும், வெறும் தக்கை மூட்டையில் ஏறும், கடைசியில் ஒயினில் ஏறும். செயின்ட் ஜூலியனில் உள்ள புகழ்பெற்ற டுக்ரு-போகாயூ தோட்டம் 1980களின் இறுதியில் இந்தத் தொல்லையில் சிக்கியது. சிகிச்சை செய்த மரம்தான் காரணம் என்று தெரிந்து, கடைசியில் புதிதாக நிலவறை கட்ட வேண்டிவந்தது. இப்போ 'கார்க்டு' என்ற பேரை நினைச்சுப் பாருங்க. தக்கையையே தொடாத ஒயினிலும் தக்கை வாடை!

வயிற்றெரிச்சல் என்னன்னா, இந்த ரகசியம் ஒயின்காரர்களுக்கு முன்பே கோழிக்காரர்களுக்குத் தெரியும். முட்டையிலும் கறிக்கோழியிலும் வந்த பூஞ்சை வாடைக்கு டெட்ராகுளோரோஅனிசோல்தான் காரணம் என்று 1966லேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள். கோழிக்கூண்டில் பரப்பிய மரச்சீவல், சீவலில் மரப் பாதுகாப்பு ரசாயனம், அதன்மேல் பூஞ்சை என்ற சங்கிலியை 1972ல் பிரிட்டிஷ் குழு ஒன்று 'நேச்சர்' இதழில் விளக்கியது. ஒயின் உலகம் கோழிக் கட்டுரையை எதுக்குப் படிக்கப் போகுது? மருத்துவத்திலும் இதே கதைதான். பக்கத்து டிபார்ட்மென்ட்டில் விடை இருக்கும், நாம தேடிட்டே இருப்போம்.

காபிப் பிரியர்களுக்கு ஒரு கிளைக்கதை. பிரேசிலில் 'ரியோ' என்று ஒரு குறை உண்டு, காபியில் மருந்து வாடை அடிக்கும். 1990ல் ஆராய்ந்ததில் அதிலும் இதே டி.சி.ஏ. இருந்தது. வேடிக்கை என்னன்னா, துருக்கியிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் அந்த ரியோ ருசியையே விரும்பிக் கேட்டு வாங்குறவங்க உண்டு. ஒருத்தருக்குக் குறை, இன்னொருத்தருக்குப் பழக்கம்.

பி.சி.பி.க்குக் கட்டுப்பாடுகள் வரத் தொடங்கியதும் சந்தை என்ன செய்தது? குளோரினை எடுத்துவிட்டு புரோமினைப் போட்டது. டிரைபுரோமோஃபீனால். பூஞ்சைக்கு இரண்டும் ஒன்றுதான், அதையும் மீதைல் ஒட்டி அனுப்பியது. டிரைபுரோமோஅனிசோல் நிலவறைகளைக் கெடுப்பதை 2004ல் போர்தோவின் பாஸ்கல் ஷட்டோனே குழு காட்டியது. அதே ஈரச் சாக்கு வாடை.

அடுத்து அது வந்த இடம் மருந்து டப்பா.

2008ல் அமெரிக்காவில் டைலனால் மாத்திரை டப்பாவைத் திறந்தால் மக்கிய வாடை வருகிறது என்று புகார்கள் வர ஆரம்பித்தன. டைலனால் வேற ஒண்ணுமில்ல, நம்ம பாராசிட்டமால்தான். சிலருக்கு வயிற்றுவலி, குமட்டல், வாந்தி, பேதி. பெரிய ஆபத்தில்லை, தானாகச் சரியாகிவிடும் வகை. காரணம், டப்பாக்களைச் சுமந்த மரப் பலகைத் தட்டுகள். தட்டில் டிரைபுரோமோஃபீனால், அதன்மேல் பூஞ்சை. வாடை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் புகுந்து மாத்திரையில் ஏறிவிட்டது. 2009 நவம்பரில் ஆரம்பித்த திரும்பப் பெறுதல் 2010 ஜனவரியில் பல மருந்துகளுக்கு விரிந்தது. புகார் வந்தும் சரியாக விசாரிக்காமல், சரியான நேரத்தில் தெரிவிக்காமல் இருந்ததற்காக அந்த நிறுவனத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே 2010 அக்டோபரில் கொலஸ்ட்ரால் மாத்திரையான லிபிட்டாரின் டப்பாக்களையும் இதே வாடைக்காகத் திரும்பப் பெற்றார்கள்.

நோயாளி "மாத்திரை நாறுது சார்"னு சொன்னா, "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், போட்டுக்கோங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுறது சுலபம். ஓ.பி.யில் முந்நூறு பேர் நிற்கும்போது இன்னும் சுலபம். ஆனா அந்த டைலனால் விவகாரத்தில் ஆய்வகக் கருவிக்கு முன்னாடி கண்டுபிடிச்சது மூட்டுவலிக்கு மாத்திரை போட்ட சாதாரண ஜனங்களின் மூக்கு.

ஆம்பூருக்கு வர்றேன். ஈரமான தோலைக் கப்பலில் வாரக்கணக்கில் அனுப்பும்போது பூசணம் பிடிக்கும். அதைத் தடுக்க நம்ம ஊர் டேனரிகளிலும் பி.சி.பி. போட்டார்கள். 1989 டிசம்பரில் ஜெர்மனி பி.சி.பி.யைத் தடை செய்தது. ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஜெர்மனி அப்போ இந்தியத் தோலுக்குப் பெரிய சந்தை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் அது எப்படி இறங்கியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று ரசாயனம், பரிசோதனை வசதி இரண்டுக்கும் உதவியது. பின்னர் இந்தியாவும் பி.சி.பி.யைத் தடை செய்தது. வாங்குறவனின் நாட்டுச் சட்டத்துக்காக விட்டதுதான். ஆனா அதைத் தினமும் கையால தொட்டுட்டு இருந்தது நம்ம ஊர்த் தொழிலாளிங்க. யாருடைய உடம்புக்கு அதிக லாபம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் பி.சி.பி. உலக அளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்தது, மின்கம்பங்களுக்கு மட்டும் விலக்கோடு.

ஒயின் பக்கம் என்ன ஆச்சு? பொறுத்துப் பார்த்த ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குத் தயாரிப்பாளர்கள் 2000ல் ஒன்றுகூடி தங்கள் ரீஸ்லிங் ஒயினுக்குத் திருகு மூடி போட்டார்கள். அடுத்த வருஷம் நியூசிலாந்து. "ஜூஸ் பாட்டில் மூடியா?" என்று கேலி செய்தவர்கள் நிறைய. 2002ல் கலிஃபோர்னியாவின் ராண்டல் கிராம் நியூயார்க்கில் தக்கைக்கு சவப்பெட்டி வைத்து இறுதிச் சடங்கே நடத்தினார். இரங்கல் உரை வாசித்தது ஒயின் எழுத்தாளர் ஜான்சிஸ் ராபின்சன்.

பிணம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. வியாபாரம் போகும் என்றதும் தக்கைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். நீராவியில் வேகவைத்து டி.சி.ஏ.வை விரட்டும் முறை வந்தது. முன்பெல்லாம் மூட்டைக்குச் சில தக்கையை எடுத்துச் சோதிப்பார்கள். ஆனா ஒரே பட்டையிலேயே ஒரு ஓரம் சுத்தம், ஒரு ஓரம் கெட்டதுன்னு இருக்கும்போது அந்தச் சோதனை என்ன பிடிக்கும்? 2016ல் போர்ச்சுகலின் அமோரிம் நிறுவனம் தக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஒன்றுக்குச் சில விநாடி. வேண்டியது இருபது வருஷத் திட்டு, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி 2013ல் வந்தது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தாகேயுச்சி, குராஹாஷி குழுவினர் நியூட் என்ற பல்லி மாதிரியான நீர்நில உயிரியின் மூக்குச் செல்களை எடுத்து டி.சி.ஏ.வைக் காட்டினார்கள். ஒரு வாடைப் பொருள் பட்டால் செல் கிளர்ச்சியடைய வேண்டும். இங்கே செல் அடங்கிப்போனது. மணத்தைச் செய்தியாக மாற்றும் அயனி வாசல்களையே டி.சி.ஏ. மூடிவிடுகிறது, அதுவும் மிகமிகக் குறைந்த அளவில். அதாவது அது நாற்றத்தைச் சேர்ப்பதோடு நிற்காமல் மற்ற மணங்களைப் பார்க்க விடாமல் மூக்கின் கண்ணையும் கட்டுகிறது.

நிலவறைக்காரர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று இதோடு பொருந்துது. டி.சி.ஏ. கொஞ்சமாக இருந்தால் சாக்கு வாடையே தெரியாது. பழ மணம் செத்து, ஒயின் சப்பென்று இருக்கும். குடிப்பவர் "இந்தத் தோட்டம் இவ்வளவுதான்"னு முடிவு பண்ணி அடுத்த முறை வாங்கவே மாட்டார். தக்கை தப்பிச்சுடும், விவசாயிக்குத் தண்டனை.

இப்போ சில நடைமுறை விஷயம். வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரங்க, ஹோட்டல் வேலையில் இருக்கிற தம்பிங்க இதைக் கேட்டிருக்கீங்க. முதல் மோப்பத்தை நம்புங்க. திரும்பத் திரும்ப முகர்ந்தா மூக்கு மரத்துப்போகும். சந்தேகம்னா இன்னொருத்தரிடம் கொடுங்க, இந்த வாடை தெரியும் அளவு ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். தக்கையை முகர்ந்து முடிவு பண்ணாதீங்க, கிளாஸை முகருங்க. பாலித்தீன் தாளைக் கசக்கி ஒயினில் ஊறப்போட்டால் டி.சி.ஏ. அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது உண்மை. கூடவே நல்ல மணமும் கொஞ்சம் போயிடும். சாக்கு வாடை போன இடத்தில் வெறும் திராட்சைத் தண்ணி மிஞ்சும். குடிக்காம கொட்டிட்டாலும் உங்க கல்லீரல் கோவிச்சுக்காது.

மாத்திரைக்கு வேற விதி. டப்பாவைத் திறந்ததும் மக்கிய சாக்கு வாடை வந்தா, போட்டுக்காம வாங்கின மருந்துக்கடைக்கோ டாக்டரிடமோ எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் கண்டுக்கலைன்னா உங்க மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையில் புளிச்ச வினிகர் வாடை அடித்தால் அது வேறு சங்கதி, ஈரம் பட்டு ஆஸ்பிரின் உடைஞ்சு அசிட்டிக் அமிலம் வந்திருக்குன்னு அர்த்தம். அதையும் போடாதீங்க. எதுவா இருந்தாலும் பேட்ச் நம்பர் இருக்கிற அட்டையையும் பில்லையும் கிழிச்சுப் போட்டுடாதீங்க. அது இல்லாம புகார் நகராது.